கொம்பும் பல்லும்: எல்க் மானின் வயதை அறிதல்

மாட்டுச் சந்தையில் காளை பிடிக்கச் செல்லும் குடியானவர், காளையின் கொம்பு எவ்வளவு எடுப்பாக இருந்தாலும் அதைக் கொண்டு வயதை முடிவு செய்வதில்லை. மூக்கணாங்கயிற்றைப் பற்றி, உதட்டை விலக்கி, கீழ்த்தாடையின் முன்பற்களையே அவர் பார்க்கிறார். 'பல் போடாதது', 'இரண்டு பல்', 'நாலு பல்', 'ஆறு பல்', 'கடை சேர்ந்தது' என்று அவர் வழங்கும் சொற்கள் யாவும் வயதைக் குறிக்கும் சொற்களே. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்று நம் பழமொழி கூறுவதற்கும், விலை கொடுத்து வாங்கும் மாட்டைப் பல் பார்த்தே வாங்குவர் என்பதுதான் அடிப்படை. சிற்றூர்களில் வளர்ந்து, இன்று பிற மாநிலங்களில் வாழும் நேயர்கள் பலர் இக்காட்சியைத் தம் இளமையில் கண்டிருக்கக் கூடும்.

இதே அறிவு, வட அமெரிக்க மலைக்காடுகளில் திரியும் ஒரு பெரிய மானின் வயதை அறிவதற்கும் பயன்படுகிறது. அந்த மானுக்கு எல்க் என்று பெயர். ஓர் ஆண் எல்க்கின் வயதை மதிப்பிடுவது எவ்வாறு, அம்மதிப்பீட்டை ஒட்டி எத்தகைய முடிவுகள் செய்யப்படுகின்றன என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். எல்க் என்னும் பெயர் பல விலங்குகளுக்கு வழங்கி, குழப்பம் விளைவித்திருக்கிறது. ஐரோப்பாவில் அப்பெயர், அமெரிக்கர் மூஸ் என்று அழைக்கும் வேறொரு பேருருவ மானைக் குறிக்கும். இலங்கை மலைநாட்டில் குடியேறிய ஆங்கிலேயர், நாம் கடமான் என்றும் மிளா என்றும் கூறும் விலங்கையே எல்க் என்று எழுதினர். நுவரெலியாவை அடுத்து 'எல்க் சமவெளி' என்ற பெயருடைய இடம் இன்றும் உண்டு. நாம் இங்குப் பேசுவது இவ்விரண்டையும் அன்று. அமெரிக்கப் பழங்குடியினராகிய ஷானி மக்களின் மொழியில் வாப்பிட்டி என்று பெயர் பெற்ற மானையே இங்கு எல்க் என்கிறோம். 'வெள்ளைப் பின்புறம் உடையது' என்பது அப்பெயரின் பொருள். ராக்கி மலைத்தொடரில் இம்மான் பெருங்கூட்டங்களாக வாழ்கிறது. வளர்ந்த ஆண் ஏறத்தாழ 320 கிலோவும், பெண் ஏறத்தாழ 225 கிலோவும் எடை உள்ளவை.

கன்றுகள் பெரும்பாலும் மே மாத இறுதியிலும் ஜூன் மாதத்திலும் பிறக்கின்றன. மான்களை வேட்டையாடுவதும் கணக்கெடுப்பதும் இலையுதிர்காலத்தில் மிகுதி. ஆகவே அக்காலத்தில் காணப்படும் எந்த எல்க்கின் வயதும் முழு எண்ணாக இராது. ஒன்றரை, இரண்டரை, மூன்றரை என்றே அமையும். அந்நாட்டு வனத்துறை ஏடுகளில் வயதுகள் இவ்வாறு அரையோடு எழுதப்படுவதற்குக் காரணம் இதுவே.

ஆண் எல்க்கைக் காண்பவர் கண்ணில் முதலில் படுவது அதன் கொம்பு. தமிழில் மாட்டின் தலையில் இருப்பதையும் கொம்பு என்கிறோம், மானின் தலையில் இருப்பதையும் கொம்பு என்கிறோம். எனினும் இவை இரண்டும் இயல்பில் வேறானவை. மாட்டுக் கொம்பு உள்ளே எலும்பும் புறத்தே நகம் போன்ற பொருளும் கொண்டது, வாழ்நாள் முழுதும் வளர்வது, தானே உதிராதது. பசுவின் கொம்பில் விழும் வளையங்களைக் கொண்டு அது எத்தனை ஈற்றுக் கண்டது என்று கணக்கிடுவாரும் உண்டு. மானின் கொம்போ முழுவதும் எலும்பு. ஆண்டுதோறும் உதிர்ந்து ஆண்டுதோறும் புதிதாக முளைப்பது. எல்க்கின் கொம்பு மார்ச், ஏப்ரல் மாதங்களில் விழுகிறது. உடனே புதுக் கொம்பு, இரத்த நாளங்கள் நிறைந்த மென்மயிர்த் தோலால் போர்த்தப்பட்டு வளரத் தொடங்குகிறது. ஆகஸ்டு மாதத்தில் வளர்ச்சி முற்றுப்பெறுகிறது. அத்தோலை மரங்களில் உராய்ந்து களைந்துவிட்டு, செப்டம்பர் மாதத்து இணைசேர் பருவத்திற்கு ஆண் எல்க் ஆயத்தமாகிவிடும். வளர்ந்த ஆணின் இரு கொம்புகளும் சேர்ந்து 13 கிலோ அளவுக்கு எடை இருப்பது இயல்பு. இவ்வளவு எலும்பை ஓர் உடல் ஐந்து மாதத்திற்குள் உண்டாக்கிவிடுகிறது.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். ஆண்டுக்கு ஒரு முறை முற்றும் அழிந்து புதிதாக எழுதப்படும் ஏட்டில் பழைய கணக்கு இருக்க இயலாது. கொம்பு கூறுவது அவ்வாண்டின் செய்தியையே. அந்த வசந்தத்தில் மேய்ச்சல் எவ்வாறு இருந்தது, முந்திய பனிக்காலம் உடலை எவ்வளவு வாட்டியது, தந்தை வழியாலும் தாய் வழியாலும் பெற்ற உடற்கூறு எத்தகையது என்னும் இவையெல்லாம் கொம்பில் வெளிப்படும். வயதும் வெளிப்படும், ஆனால் அது பல குரல்களில் ஒரு குரலாகவே ஒலிக்கும்.

அக்குரல் தெளிவாகக் கேட்கும் காலம் இளமை. ஓராண்டு நிரம்பிய ஆணுக்குப் பெரும்பாலும் கிளையற்ற ஈட்டி போன்ற கொம்பே தோன்றும்; அதன் நீளம் 25 முதல் 50 சென்டிமீட்டர். சிலவற்றில் நுனி கவர்பட்டிருக்கும். இரண்டு வயது ஆணுக்குப் பக்கத்திற்கு நான்கோ ஐந்தோ கிளைகள் இருக்கும். ஆனால் தண்டு மெலிந்து காணப்படும். மூன்று வயதில் தண்டு தடிக்கிறது. நான்கு வயதிலும் அதற்குப் பின்னும் பக்கத்திற்கு ஆறு கிளைகள் என்னும் நிலைக்குக் கொம்பு வந்துவிடுகிறது.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். கிளைக்கு ஓர் ஆண்டு என்று எண்ணி, ஆறு கிளை உடைய மானுக்கு ஆறு வயது என்று கூறிவிடுவது உலகில் பல நாடுகளிலும் உள்ள வழக்கம். ஆறு கிளைகள் நான்கு வயது மானுக்கும் இருக்கும், பதினொரு வயது மானுக்கும் இருக்கும். நான்கு வயதிற்குப் பின் கிளைகளின் எண்ணிக்கையில் பெரிய மாறுதல் நிகழ்வதில்லை. தண்டின் பருமனும் நீளமும் எடையுமே கூடுகின்றன. பத்து, பன்னிரண்டு வயது அளவில் கொம்பு தன் உச்ச எடையை எய்தி, பிறகு படிப்படியாகக் குறைகிறது. மிக முதிர்ந்த மானின் கொம்பு கிளை குறைந்தும் வடிவு கெட்டும் முளைத்து, காண்பாரை இளமான் என்று மயங்கச் செய்தலும் உண்டு. நல்ல மேய்ச்சல் நிலத்து ஐந்து வயது மான், வறண்ட நிலத்து ஒன்பது வயது மானைக் கொம்பில் வென்றுவிடும். ஆகவே கொம்பைக் கொண்டு ஓராண்டு மானை ஏனையவற்றிலிருந்து உறுதியாகப் பிரிக்கலாம். இரண்டு வயது மானை ஓரளவு பிரிக்கலாம். அதற்கு மேல் எண்ணிக் கூறுவது இயலாது.

இதனால் அனுபவம் மிக்கவர்கள் கொம்பை விட்டு உடலைப் பார்க்கின்றனர். இளைய ஆணின் கழுத்து மெலிந்தது; கால்கள் உடலை நோக்க நீண்டவையாகத் தோன்றும்; வயிற்றுக் கோடு மேலேறி இருக்கும். ஐந்தாறு வயது கடந்த ஆணின் மார்பு ஆழ்ந்து, கழுத்து தடித்து, கழுத்தின் கருமயிர் அடர்ந்திருக்கும். உடலின் கனத்தால் கால்கள் குட்டையானவை போலத் தோன்றும். முதுமையில் முதுகு சற்றுக் குழிந்து, வயிறு தொங்கி, இடுப்பெலும்பு புடைத்துவிடும். கொம்பைத் தாங்கும் நெற்றியெலும்பின் முளையும் ஒரு சான்றாகும். ஒவ்வொரு முறை கொம்பு உதிரும்போதும் அம்முளை சிறிது குறுகி, அகன்று வருகிறது. எனவே இளமானின் கொம்பு தலைக்குச் சற்று மேலே நிற்பது போலவும், முதிய மானின் கொம்பு மண்டையோட்டில் ஒட்டி எழுவது போலவும் காணப்படும்.

கொம்பு உதிரும் நாளும் வயதைப் பற்றிச் சிறிது கூறும். வளர்ந்த, நல்ல நிலையிலுள்ள ஆண்கள் மார்ச் மாதத்திலேயே கொம்பை உதிர்த்து, புதுக் கொம்பை முன்னதாகத் தொடங்கிவிடுகின்றன. இளைய ஆண்கள் ஏப்ரல் வரையிலும் தாங்கித் திரிகின்றன. ஆகவே அப்பருவத்தில் ஒரு கூட்டத்தில் மொட்டைத் தலையுடன் நிற்கும் ஆணை இளையது என்று தள்ளிவிடலாகாது. அதுவே மூத்ததாக இருக்கக் கூடும். எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் நடந்து 2018-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று இதையொட்டிய ஒரு செய்தியைக் காட்டியது. கொம்பை உதிர்த்துவிட்ட ஆண்கள் உடல் வலிவில் குறைந்தவை அல்ல. இருந்தும் ஓநாய்கள் அவற்றையே மிகுதியாகத் தேடித் தாக்கின. கொம்பு போரிடுவதற்கு மட்டுமன்றி, பனிக்கால இறுதியில் உயிர் காக்கும் படைக்கலமாகவும் இருப்பது இதனால் தெளிவாயிற்று.

உடலைக் கொண்டு செய்யும் மதிப்பீடு, நேயர்களே, இளையது, நடுவயதினது, முதியது என்னும் மூன்று வகைக்கு மேல் செல்லாது. ஆண்டுக் கணக்கு வேண்டுமாயின் நம் குடியானவர் வழிக்கே திரும்ப வேண்டும்.

எல்க்குக்கு நிலைப்பற்கள் 34. மாட்டுக்கு உள்ளது போலவே மேல்தாடையின் முன்புறத்தில் பற்கள் இல்லை. கடினமான ஈறு மட்டுமே உண்டு. கீழ்த்தாடையின் முன்புறத்தில் எட்டுப் பற்கள் வரிசையாக நிற்கின்றன. கன்றுக்கு இவை எட்டும் சிறிய பாற்பற்கள். ஒன்றரை வயதில் நடுவிலுள்ள இரண்டும் விழுந்து, அகன்ற நிலைப்பற்கள் முளைத்திருக்கும்; இரு பக்கமும் பாற்பற்களே நிற்கும். நம் சந்தை வழக்கில் கூறுவதானால் இஃது 'இரண்டு பல்' மான். இரண்டரை வயதில் ஆறோ எட்டோ நிலைப்பற்கள் வந்துவிடும். கன்னப்பற்களில் மூன்றாவதாக நிற்கும் பாற்பல் மூன்று முகடுகள் உடையது. அது விழுந்து இரண்டு முகடுகள் உடைய நிலைப்பல் வருவதும் ஏறத்தாழ இவ்வயதிலேயே. மூன்று வயதை ஒட்டி எல்லாப் பற்களும் நிரம்பிவிடுகின்றன. மாட்டுக்கு எட்டுப் பல்லும் சேர நான்கு ஆண்டுக்கு மேல் ஆகும். எல்க் அதனினும் விரைந்து நிரப்பிக்கொள்கிறது. மாண்டனா மாநிலத்து எல்க்குகளின் கீழ்த்தாடைகளை ஆராய்ந்து இவ்வரிசையை விஞ்ஞானிகள் இருவர் 1957-ஆம் ஆண்டில் விளக்கமாக வெளியிட்டனர். அதுவே பின் வந்தவர்களுக்கு அடிப்படை ஆயிற்று.

பல் முளைத்து முடிந்த பிறகு என் செய்வது? தேய்மானத்தைப் பார்ப்பது அடுத்த வழி. கன்னப்பல்லின் மேற்பரப்பில் வெண்மையான எனாமல் முகடுகளும், அவற்றிடையே பழுப்பு நிறமான உட்பல்லும் தென்படும். வயது ஏற ஏற எனாமல் தேய்ந்து, பழுப்புப் பட்டை அகன்று, இறுதியில் முகடுகள் மறைந்து பல் தட்டையாகிவிடும். ஆயினும் தேய்மானம் வயதை மட்டும் பொறுத்ததன்று. தின்னும் புல்லையும் அப்புல் வளரும் மண்ணையும் பொறுத்தது.

இதற்கு எல்லோஸ்டோனே தக்க சான்று. அப்பூங்காவில் வெந்நீர் ஊற்றுகள் நிறைந்த ஃபயர்ஹோல், மேடிசன் ஆற்றுப் பகுதிகள் உள்ளன. எரிமலைப் பாறை நிலமாதலால் அங்குள்ள தாவரங்களிலும் நீரிலும் சிலிகாவும் ஃபுளூரைடும் மிகுதி. ஃபுளூரைடு பல்லை வலிவிழக்கச் செய்கிறது. சிலிகா அரம் போல் அராவுகிறது. அங்கு வாழும் எல்க்குகளின் பற்கள் மிக விரைவில் தேய்ந்துவிடுகின்றன என்றும், பல் தேய்ந்தபின் போதிய உணவை மெல்ல இயலாமையால் அவற்றின் வாழ்நாளே குறுகுகிறது என்றும் 2002-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி நிறுவியது. இப்பகுதி மானின் பல்லையும் வேறொரு பள்ளத்தாக்கின் மானின் பல்லையும் ஒரே அளவுகோலால் அளந்தால், இளையதை முதியது என்று கூற நேரும். நம் நாட்டிலும் ஃபுளூரைடு மிகுந்த கிணற்று நீரால் மனிதர் பற்களில் கறை படிந்து கெடுகின்ற வட்டாரங்களை நேயர்கள் அறிவார்கள்.

எனவே இன்னும் நுட்பமான ஒரு வழி தேவைப்பட்டது. பல்லின் வேரைத் தாடையெலும்போடு பிணைக்கும் ஒரு பூச்சு உண்டு. அதற்குச் சிமெண்டம் என்று பெயர். வாழ்நாள் முழுதும் இது சிறிது சிறிதாகப் படிந்துகொண்டே இருக்கும். புல் செழித்த காலத்தில் படியும் அடுக்கு அகன்றும் வெளிறியும் இருக்கும். உணவு குறைந்த பனிக்காலத்தில் படிவது மெல்லிய கருங்கோடாக அமையும். தேக்கு மரத்தின் அடியில் ஆண்டு வளையங்களை எண்ணுவது போல இக்கோடுகளை எண்ணலாம். கடல் நாய்களின் பற்களில் இத்தகைய வளர்ச்சி அடுக்குகள் இருப்பதை 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விஞ்ஞானிகள் எடுத்துக் காட்டினர். அதன்பின் தரைவாழ் விலங்குகள் பலவற்றிலும் இம்முறை கையாளப்பட்டது. எல்க்கின் பல்லில் தேய்மான முறையையும் சிமெண்டக் கோட்டு முறையையும் ஒப்பிட்ட ஆய்வு 1969-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

செய்முறை இது. கீழ்த்தாடையின் நடுமுன்பல்லை வேர் முறியாமல் எடுக்க வேண்டும். அதை அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்புச் சத்தை நீக்கினால் பல் மென்மையாகிவிடும். பிறகு வேரை மிக மெல்லிய சீவல்களாக அறுத்து, சாயம் ஏற்றி, நுண்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். எண்ணும்போது ஒரு குறிப்பை மறக்கலாகாது. அந்நிலைப்பல் முளைப்பது விலங்கின் முதற் பனிக்காலம் கழிந்த பின்னரே. ஆகவே முதற் பனிக்காலத்திற்கு அதில் கோடு இல்லை. எண்ணிய கோடுகளோடு ஒன்று கூட்டினால்தான் கடந்துவந்த பனிக்காலங்களின் தொகை கிடைக்கும். கடுங்குளிர் உள்ள நாடுகளில் இக்கோடுகள் தெளிவாக விழுகின்றன. ஆண்டு முழுதும் பசுமை நிலவும் வெப்ப நாடுகளில் அத்தனை தெளிவு இல்லை.

மற்றொரு பல்லையும் இங்குக் குறிப்பிட வேண்டும். பெரும்பாலான மான்களுக்கு மேல்தாடையில் கோரைப்பல் இல்லை; எல்க்குக்கு இரண்டு உண்டு. தந்தம் போன்று பளபளக்கும் இப்பற்கள் வயதாக ஆகத் தேய்ந்து மழுங்கி, பழுப்புக் கறை ஏறுகின்றன. சமவெளிகளில் வாழ்ந்த குரோ மக்கள் இவற்றை நூற்றுக்கணக்கில் திரட்டி மகளிர் ஆடைகளில் தைத்தனர். ஒரு மானுக்கு இரண்டே என்பதால் அத்தகைய ஆடை அக்குடும்பத்து வேட்டைக்காரரின் திறமைக்குச் சான்றாயிற்று. பின்னர், 1868-ஆம் ஆண்டில் தோன்றிய, எல்க்கின் பெயரைத் தாங்கிய ஒரு சகோதரக் கழகத்தினரிடையே இப்பல்லைக் கடிகாரச் சங்கிலியில் அணியும் மோகம் பரவியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டு பற்களுக்காக மட்டுமே மானைக் கொன்று உடலைக் காட்டில் விட்டுச் சென்றவர்களும் இருந்தனர். ஒரு காலத்தில் ஏறத்தாழ ஒரு கோடி என்று மதிப்பிடப்பட்ட எல்க்குகள், இறைச்சிக்கும் தோலுக்கும் பல்லுக்குமாக வேட்டையாடப்பட்டும் நிலத்தை இழந்தும் அக்காலத்தில் ஒரு லட்சத்திற்கும் குறைந்துபோயின. பாதுகாப்புச் சட்டங்களாலும் மறுகுடியேற்றத்தாலும் அவை மீண்டு, இன்று ஏறத்தாழப் பத்து லட்சமாக உள்ளன.

அவ்வாறு மீண்டவற்றை நிலைநிறுத்துவதில்தான் வயதின் தேவை எழுகிறது. ஒரு கூட்டத்தில் எத்தனை மான்கள் என்பது மட்டும் போதாது. எவ்வயதின எத்தனை என்பதும் தெரிய வேண்டும். வேட்டைக்காரர் யாவரும் பெருங்கொம்பையே நாடினால், சில ஆண்டுகளில் முதிர்ந்த ஆண்கள் அற்றுப்போய், ஒன்றரை வயது ஆண்களே இணைசேரும் நிலை வரும். அவையும் இனப்பெருக்கத்திற்குத் தகுதி உடையனவே. ஆயினும் ஆரிகன் மாநிலத்து ஸ்டார்க்கி ஆராய்ச்சிக் காட்டில் நடந்து 1996-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒரு வேற்றுமையைக் காட்டியது. ஐந்து வயது ஆண்கள் இருந்த ஆண்டில் பெண்கள் கருவுற்றது, ஓராண்டு ஆண்கள் மட்டும் இருந்த ஆண்டைவிட ஏறத்தாழ இரண்டு வாரம் முந்தியது. இரண்டு வாரம் என்பது நமக்குச் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் பிந்திப் பிறந்த கன்றுக்கு இளம்புல் மேயும் நாள்கள் குறைகின்றன. பனி விழத் தொடங்குமுன் உடலில் கொழுப்பைச் சேர்க்க அவகாசம் இல்லை. அந்த இரண்டு வாரம் கன்றின் உயிருக்கே உலை வைக்கக் கூடும்.

ஆகவே அங்குள்ள மாநிலங்கள் பல்வேறு விதிகளை வகுத்துள்ளன. கொலராடோவில் பெரும்பான்மையான பகுதிகளில், ஒரு கொம்பில் நான்கு கிளைகளாவது, அன்றி உரிய நீளமுள்ள நெற்றிக் கிளையாவது இல்லாத ஆணைச் சுடலாகாது. இவ்விதி கொம்பையே வயதுச் சீட்டாகக் கொள்கிறது. எனினும் ஓராண்டு மானைக் காப்பது ஒன்றே அதன் நோக்கமாதலால், கொம்பால் கூறக்கூடிய அளவுக்குள்ளேயே அது நின்றுவிடுகிறது. யூட்டா மாநிலம் வேறு வழியைக் கைக்கொண்டது. வேட்டை உரிமத்தைக் கட்டுப்படுத்திய பகுதிகளில், வேட்டையாடப்பட்ட ஆண்களின் பற்களைக் கொண்டு சராசரி வயதைக் கணக்கிட்டு, அது குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால் உரிமங்களைக் குறைக்கும் முறையை அது அமைத்தது. வேட்டைக்காரர் தாம் வீழ்த்திய மானின் முன்பல்லை உறையில் இட்டு அனுப்புகிறார். நுண்பெருக்கியில் எண்ணப்பட்ட அக்கோடுகள் அடுத்த ஆண்டின் வேட்டையை நிர்ணயிக்கின்றன.

வயதறியும் கலை இன்னொரு வழக்கிலும் சான்று கூறியது. எல்லோஸ்டோனில் 1995, 1996 ஆண்டுகளில் ஓநாய்கள் மீண்டும் விடப்பட்டபோது, அவை எல்க் கூட்டத்தை அழித்துவிடும் என்று அஞ்சியவர் பலர். கொல்லப்பட்ட பெண் எல்க்குகளின் பற்களை ஆராய்ந்து 2006-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, ஓநாய்கள் கொன்ற வளர்ந்த பெண்களின் சராசரி வயது ஏறத்தாழப் பதினான்கு. வேட்டைக்காரர் கொன்றவற்றின் சராசரி வயது ஆறரை. ஒரு வகையினர் கன்று ஈனும் காலம் முடியும் தறுவாயில் உள்ளவற்றையும், மறு வகையினர் ஈனும் பருவத்தின் நடுவில் உள்ளவற்றையும் எடுத்தனர். தலைகளை எண்ணுவதோடு நின்றிருந்தால் இவ்வேறுபாடு புலப்பட்டிராது.

இவ்வளவிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. உறுதியான வயது பெரும்பாலும் இறந்த விலங்கிடமிருந்தே கிடைக்கிறது. முடிவு செய்ய வேண்டியதோ உயிருள்ள விலங்கைப் பற்றி. ஆராய்ச்சிக்காக மயக்க மருந்து செலுத்திப் பிடிக்கப்படும் எல்க்கின் மேல்தாடைக் கோரைப்பல்லை எடுத்து வயதை அறிவதும் உண்டு. அப்பல் இன்றியும் விலங்கு மேய இயலும். ஆனால் காடெங்கும் திரிகிற ஒவ்வொன்றையும் பிடித்து அவ்வாறு செய்தல் கூடாத காரியம்.

இந்த இடர்ப்பாட்டை நம் நாட்டில் மிகக் கூர்மையாக உணர்த்துவது காஷ்மீரத்து ஹங்குல் மான். எல்க்கின் நெருங்கிய உறவினமாகிய இம்மான், ஸ்ரீநகரை அடுத்த டாச்சிகாம் காட்டிலும் அதைச் சூழ்ந்த மலைகளிலுமே எஞ்சி நிற்கிறது. 2023-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் அவற்றின் எண்ணிக்கை 289. இத்தனை அருகிய இனத்தில் பல்லுக்காக ஒன்றையும் இழக்க இயலாது. எனவே அங்குக் கணக்கெடுப்போர் ஆண், பெண், கன்று என்று கண்ணால் பிரித்து எழுதுகின்றனர். கன்றுகள் எத்தனை, அவற்றுள் வளர்ந்து ஆளானவை எத்தனை என்னும் வினாக்களுக்கு அப்பிரிவுகளே விடை தருகின்றன. தில்லியிலோ சண்டிகரிலோ வாழும் நேயர்கள் காஷ்மீரம் செல்லும்போது, உரிய அனுமதி பெற்று டாச்சிகாமுக்குச் சென்றால், நல்வாய்ப்பு இருப்பின் இம்மானைக் காணலாம்.

நம் தென்னாட்டுக் கடமானோ கிளைக் கணக்கை அறவே கைவிடச் செய்யும். முழு வளர்ச்சி அடைந்த கடமானுக்குப் பக்கத்திற்கு மூன்று கிளைகளே. எத்தனை வயதானாலும் இயல்பாக மூன்றுக்கு மேல் வருவதில்லை. கிளைக்கு ஓர் ஆண்டு என்று எண்ணுபவர் நீலகிரியில் காணும் முதிய கடமானையும் மூன்று வயது என்றே கூறுவார். மேலும் வெப்ப நாட்டு மான்கள் கொம்பு உதிர்க்கும் மாதமும் எல்க்குக்குப் போல ஒரே சீராக இருப்பதில்லை.

இவற்றைத் தொகுத்து, காட்டிலோ உயிர்க்காட்சிச்சாலையிலோ இவ்வினத்து ஆண்மானைக் காணும் நேயர் மனத்தில் கொள்ளத்தக்க முறையைக் கூறிவிடுகிறேன். முதலில் கொம்பைப் பார்த்து, கிளையற்ற ஓராண்டு மானா அன்றா என்பதை மட்டும் முடிவு செய்க. அடுத்துக் கிளைகளை எண்ணாமல் தண்டின் பருமனையும், கொம்பு தலையில் பொருந்தும் இடத்தையும் நோக்குக. பின்பு கழுத்து, மார்பு, முதுகு, வயிறு ஆகியவற்றைப் பார்த்து இளையது, நடுவயதினது, முதியது என வகுக்க. அதற்கு மேல் ஓர் எண்ணைக் கூறாதொழிக. எண் வேண்டுவோர் பல்லைக் காண வேண்டும். பல்லிலும் தேய்மானத்தைக் கண்டோர் ஓரிரு ஆண்டு பிசகலாம். வேரின் கோடுகளை எண்ணியோர் சொல்லே மிகவும் நம்பத்தக்கது.

எடுப்பான கொம்பைக் கண்டு விலை பேசாத அந்தக் குடியானவரின் நிதானம், மலைக்காட்டில் துப்பாக்கி ஏந்தி நிற்பவருக்கும், கணக்கேட்டுடன் நிற்கும் வனத்துறை ஊழியருக்கும் ஒருங்கே வேண்டப்படுகிறது. கூட்டத்தில் எது இன்னும் பல ஆண்டு வாழ்ந்து இனத்தைப் பெருக்கும், எது தன் நாளை முடித்துக்கொண்டது என்பதை ஆராயாமல் செய்யும் முடிவு, அடுத்த வசந்தத்தில் பிறக்கும் கன்றுகளின் மேல் வந்து விழுகிறது.